முகத்து மின்னல் வலி: ஸ்கேன் படங்களில் தெரியவரும் அரிய காரணங்கள்

முக்கிளை நரம்புவலி பெரும்பாலும் முகத்தின் ஒரு பக்கத்தில்தான் வரும். கன்னத்திலோ தாடையிலோ சுரீரென்று மின்சாரம் பாய்ந்தாற்போல் வெட்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் அடங்கும். நீண்டாலும் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. பல் துலக்குவது, முகம் கழுவுவது, ஒரு கவளம் சோற்றை மெல்லுவது, பேச வாயெடுப்பது, மின்விசிறிக் காற்று முகத்தில் படுவது ஆகியவற்றில் எதுவும் அதைக் கிளப்பிவிடலாம். ஆண்டுதோறும் லட்சம் பேரில் 4 முதல் 13 பேர் வரை இந்த நோய்க்குப் புதிதாக ஆளாகிறார்கள் என்பது பொதுவான கணக்கு. ஐம்பது வயதைக் கடந்தவர்களிடமும், ஆண்களைவிடப் பெண்களிடமும், இடப்பக்கத்தைவிட வலப்பக்கத்திலும் இது கூடுதல். வலி பல்லிலிருந்து கிளம்புவதாகவே தோன்றுவதால் பலர் முதலில் பல் மருத்துவரிடம்தான் போகிறார்கள். பழுதில்லாத பல்லைப் பிடுங்கிய பிறகும் வலி நீடிக்கும்போதுதான் பிரச்சினை பல்லில் இல்லை என்ற எண்ணமே எழுகிறது.

இந்த வலிக்கு உரியது ஐந்தாம் கபால நரம்பு. மருத்துவர்கள் டிரைஜெமினல் என்று சொல்லும் முக்கிளை நரம்பு இதுதான். மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸின் பக்கவாட்டிலிருந்து புறப்பட்டு, மூளைத் தண்டுவடத் திரவம் நிறைந்த ஓர் இடைவெளியைக் கடந்து, செவி எலும்பின் முனையில் மெக்கல் குகை என்னும் சிறு உறைக்குள் நுழைகிறது. ஜெர்மன் உடற்கூற்றியலாளர் யோகான் பிரீட்ரிக் மெக்கல் 1748இல் விவரித்த இந்தக் குகைக்குள்தான் நரம்பின் முடிச்சு இருக்கிறது. அங்கிருந்து மூன்று கிளைகள் பிரிகின்றன. முதல் கிளை கண்குழியின் மேல்பிளவு வழியாக நெற்றிக்கும், இரண்டாவது வட்டத்துளை வழியாகக் கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், மூன்றாவது நீள்வட்டத் துளை வழியாகக் கீழ்த்தாடைக்கும் போகின்றன. பான்ஸிலிருந்து தோல்வரை நீளும் இந்தப் பாதையில் எந்த இடத்திலும் ஒரு கோளாறு நரம்பைத் தொடலாம். ஆனாலும் மின்னல் வலிக்குப் பெரும்பாலும் பொறுப்பாவது முதல் சில மில்லிமீட்டர்கள்தான்.

முகவலிக்கு எந்த நரம்பு பொறுப்பு என்பதே நெடுங்காலம் தெளிவில்லாமல் இருந்தது. தத்துவஞானியாக அறியப்பட்ட ஜான் லாக் மருத்துவரும் ஆவார். 1677இல் பாரிசில் பிரபுகுலப் பெண் ஒருவருக்கு வந்த இந்த வலியைக் கடிதங்களில் விவரித்திருக்கிறார். 1756இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரே இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார். 1773இல் லண்டன் மருத்துவர் ஜான் ஃபாதர்கில் துல்லியமாக வர்ணித்தார். இருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை சில அறுவை மருத்துவர்கள் வலியைப் போக்க ஏழாம் நரம்பை வெட்டினார்கள். முகம் கோணிப்போனது, வலி போகவில்லை. முகத்தசைகளை இயக்குவது ஏழாம் நரம்பு, முகத்தில் உணர்வை அறிவது ஐந்தாம் நரம்பு என்பதை 1820களில் சார்லஸ் பெல் பிரித்துக் காட்டிய பிறகே அந்தத் தவறு நின்றது.

வலியின் காரணத்தை நேரில் கண்டு எழுதியவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வால்டர் டேண்டி. சிறுமூளைப் பக்கமாக மண்டையோட்டைத் திறந்து நரம்பை வெட்டிவந்த அவர், 215 நோயாளிகளிடம் கண்டவற்றை 1934இல் வெளியிட்டார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரிடம் ஒரு தமனி வளைந்து நரம்பில் அழுந்தியிருந்தது. சிலரிடம் சிரை, சிலரிடம் கட்டி, ஒருசிலரிடம் தமனி வீக்கம். இன்று அரிய காரணங்கள் என்று பேசப்படுபவற்றில் கணிசமானவை, ஸ்கேன் கருவிகள் கனவிலும் இல்லாத அந்தக் காலத்திலேயே அவர் குறிப்பில் ஏறிவிட்டன. 1960களின் பிற்பகுதியில் பீட்டர் ஜேனட்டா நுண்ணோக்கியின் உதவியோடு அதே இடத்தைப் பார்த்து, நரம்பை வெட்டாமல் தமனியை மட்டும் விலக்கிவைக்கும் முறையை வளர்த்தார். பிட்ஸ்பர்க்கில் அவருடைய குழு 1,185 நோயாளிகளுக்குச் செய்த இந்த அறுவையின் பலனை 1996இல் வெளியிட்டது. பத்து ஆண்டுகள் கழித்தும் சுமார் 70 விழுக்காட்டினர் மருந்தின்றி வலியற்று இருந்தார்கள்.

தமனி தொட்டால் ஏன் வலிக்க வேண்டும் என்பதற்கு விடை நரம்பின் உறையில் இருக்கிறது. மூளையிலிருந்து கிளம்பும் நரம்பு இழைகளுக்கு முதல் சில மில்லிமீட்டர்களில் மையலின் உறையைக் கட்டித் தருபவை மூளையின் சொந்த உயிரணுக்கள். அதற்குப் பிறகு அந்தப் பொறுப்பை ஷ்வான் உயிரணுக்கள் ஏற்கின்றன. இரண்டு வகை உறையும் சந்திக்கும் எல்லை நலிந்த இடம். அங்கே ஒரு தமனி இதயத் துடிப்புக்குத் துடிப்பு மோதிக்கொண்டிருந்தால் உறை தேய்கிறது. உறை தேய்ந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதை, அறுவையின்போது எடுத்த திசுத் துணுக்குகளில் எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியிருக்கிறது. அந்த நிலையில் தொடுகை உணர்வைச் சுமக்கும் இழையிலிருந்து வலியைச் சுமக்கும் இழைக்குத் தூண்டல் தாவிவிடுகிறது. காற்று பட்டாலே வலி வெட்டுவதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

2018இல் வெளியான பன்னாட்டுத் தலைவலி வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பு இந்த நோயை மூன்றாகப் பிரிக்கிறது. இரத்தக்குழாய் அழுத்தி நரம்பின் வடிவமே மாறியிருந்தால் அது மரபுவகை. கட்டி, பிறவிக் குழாய்க் கோளாறு, மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற வேறு நோய் காரணமானால் இரண்டாம் நிலை வகை. தேடியும் எதுவும் கிடைக்காவிட்டால் காரணமறியா வகை. நோயாளிகளை ஸ்கேன் செய்து பார்த்தால் 15 விழுக்காடுவரை இரண்டாம் நிலைக் காரணம் தென்படலாம் என்று அமெரிக்க, ஐரோப்பிய நரம்பியல் அமைப்புகளின் 2008ஆம் ஆண்டு வழிகாட்டுதல் மதிப்பிட்டது. வலியின் தன்மையையும் வயதையும் வைத்து மட்டும் இவர்களைப் பிரித்தறிய முடியாது. கார்பமசெபின் மாத்திரைக்கு வலி அடங்குவதும் சான்றாகாது. கட்டியால் வரும் வலியும் அதற்கு அடங்கும்.

சாதாரண மூளை எம்.ஆர்.ஐ. இந்த வேலைக்குப் போதாது. அதன் வெட்டுகள் நான்கைந்து மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. நரம்பைத் தொடும் தமனியோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் முப்பரிமாணமாக எடுக்கப்படும் டி2 படம் தேவை. சிஸ், ஃபியெஸ்டா என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. இந்தப் படத்தில் மூளைத் தண்டுவடத் திரவம் பளிச்சென்ற வெண்மை. அதில் பான்ஸின் விளிம்பிலிருந்து சாம்பல் நிறப் பட்டையாக நரம்பு நீள்கிறது. அதன் மேலோ உட்புறமோ ஒரு கரும்புள்ளி ஒட்டி நின்றால் அது குழாய். புள்ளி பட்ட இடத்தில் பட்டை பள்ளமாகியிருக்கிறதா, விலகி வளைந்திருக்கிறதா, மறுபக்கத்தைவிட மெலிந்திருக்கிறதா என்பதே கேள்வி. கரும்புள்ளி தமனியா சிரையா என்பதை இந்தப் படம் சொல்லாது. அதற்கு இன்னும் இரண்டு படங்களை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓடும் இரத்தத்தை ஒளிரச் செய்யும் ஆஞ்சியோ படத்தில் புள்ளி வெளுத்தால் தமனி. அதில் தெரியாமல், காடோலினியம் என்னும் சாயம் செலுத்திய பிறகு எடுத்த படத்தில் மட்டும் வெளுத்தால் சிரை.

அப்படிக் கண்டதும் காரணம் கிடைத்துவிட்டதாக மகிழ்வது ஆபத்து. டென்மார்க்கில் 135 நோயாளிகளின் படங்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, வலிக்கும் பக்கத்தில் 89 விழுக்காட்டினருக்குக் குழாய் நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்ததைக் கண்டது. அதே நோயாளிகளின் வலிக்காத பக்கத்திலும் 78 விழுக்காட்டினருக்கு அப்படியே இருந்தது! நரம்பு நசுங்கி இடம்பெயர்ந்த அளவுக்கு அழுத்தம் இருந்ததா என்று பார்த்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது: வலிக்கும் பக்கத்தில் 53, வலிக்காத பக்கத்தில் 13. ஆக, உரசிப்போகும் குழாயைக் குற்றவாளியாக்க முடியாது. பக்கம் பொருந்த வேண்டும், இடம் வேர்ப்பகுதியாக இருக்க வேண்டும், நரம்பில் தடயம் இருக்க வேண்டும். அரிய காரணங்களுக்கும் இதே சோதனைதான்; அபூர்வமான ஒன்று கண்ணில் பட்டால் அதையே காரணமாக்கும் ஆசை கூடுதலாக இருப்பதால், அங்கே இன்னும் கண்டிப்பு வேண்டும். அரிய அமைப்பொன்று வலியின் காரணமாக இல்லாமல் போனாலும் அதைக் கண்டறிவது வீணல்ல. ஊசியை எங்கே செலுத்தக் கூடாது, எந்தக் குழாயை மூடக் கூடாது என்பதை அதுதான் சொல்கிறது.

அந்த வகையில் முதலில் வருவது கருக்காலத் தமனி ஒன்று. நான்கு மில்லிமீட்டர் நீளக் கருவில், அதாவது ஏறத்தாழ நான்காம் வார முடிவில், மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கழுத்தின் முன்புறக் கரோட்டிட் தமனியிலிருந்தே போகிறது. இடையிலுள்ள தற்காலிகப் பாலங்களில் பெரியது, முக்கிளை நரம்பின் முடிச்சுக்கு அருகே ஓடும் முக்கிளைத் தமனி. பின்புறத்துக்கென்று தனி ஏற்பாடு உருவானதும் ஒரு வாரத்துக்குள் அது மறைந்துவிட வேண்டும். இந்த வளர்ச்சியை மனிதக் கருக்களில் படிப்படியாக வரைந்து காட்டியவர் டோர்கஸ் பேட்ஜெட். அவருடைய ஆய்வு 1948இல் வெளிவந்தது. சிலரிடம் மட்டும் தமனி மறைவதில்லை. 1844இல் ரிச்சர்ட் குவெய்ன் இதைப் பிரேதத்தில் கண்டு விவரித்தார். பிற்காலத்துத் தமனிப் படங்களில் 0.1 முதல் 0.6 விழுக்காட்டினரிடம் இது தென்பட்டிருக்கிறது.

மறையாமல் நின்ற இந்தத் தமனி கரோட்டிடிலிருந்து பின்னோக்கிக் கிளம்பி, மூளைத்தண்டின் முன்னால் ஓடும் பேசிலார் தமனியில் போய்ச் சேர்கிறது. சிலரிடம் அது பிட்யூட்டரி சுரப்பி அமர்ந்த எலும்புப் பள்ளத்தின் ஊடாக நடுவழியில் போகும். சிலரிடம் பக்கவாட்டில், முக்கிளை நரம்பை ஒட்டியே போகும். நரம்பை அழுத்துவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. பேசிலாரோடு சேராமல் நேரே சிறுமூளைத் தமனியாக முடியும் திரிபும் உண்டு. அதுவும் நரம்பை அண்டியே ஓடுகிறது. பக்கவாட்டு எம்.ஆர்.ஐ. படத்தில் கரோட்டிடும் இந்தக் கிளையும் சேர்ந்து கிரேக்க எழுத்து டௌ போன்ற உருவத்தைக் காட்டும். அனுபவமுள்ள கதிரியக்கவியலர்கள் அதைத் தேடியே பார்ப்பார்கள்.

இதைக் கண்டுகொள்வதால் விளையும் பயன் பெரிது. முக்கிளைத் தமனி மறையாமல் நின்றுவிட்டவர்களில் பலருக்கு, அது சேரும் இடத்துக்குக் கீழே பேசிலார் தமனி சூம்பியிருக்கும். மூளைத்தண்டின் மேற்பகுதி இந்த ஒரே குழாயை நம்பி உயிர்வாழ்கிறது என்று அதற்குப் பொருள். அதை மூடினால் பக்கவாதம். இன்னொரு சிக்கல், மருந்துக்கு அடங்காத நரம்புவலிக்குக் கன்னத்தின் வழியாக நீண்ட ஊசியைச் செலுத்தி, நீள்வட்டத் துளைக்குள் நுழைத்து, மெக்கல் குகையில் உள்ள முடிச்சைச் சூடாக்கியோ கிளிசரால் செலுத்தியோ பலூனால் நசுக்கியோ மரக்கச் செய்யும் சிகிச்சை. நரம்பை ஒட்டி ஒரு பெருந்தமனி ஓடும்போது அந்த ஊசி எதைத் துளைக்கும் என்று சொல்ல முடியாது. முன்கூட்டிப் படம் பார்த்திருந்தால் மருத்துவர் ஊசியை எடுக்கவே மாட்டார்.

பேசிலார் தமனியே நேரடியாக நரம்பின்மேல் சாய்வதும் உண்டு. நீண்டகால இரத்தக் கொதிப்பில் சுவர் தளர்ந்து, தமனி தடித்து நீண்டு பாம்புபோல் நெளிந்து நடுக்கோட்டைவிட்டு விலகுகிறது. சி.டி. ஸ்கேனில் இதை அளக்க 1986இல் முன்வைக்கப்பட்ட வரையறைப்படி விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் அது தடித்த தமனி. ஜேனட்டாவின் குழு 1994இல் வெளியிட்ட கணக்கில் 1,404 நோயாளிகளில் 31 பேருக்கு, அதாவது 2.2 விழுக்காட்டினருக்கு, இத்தகைய பெருந்தமனி அழுத்தமே காரணம். இவர்கள் வழக்கமான நோயாளிகளிலிருந்து வேறுபட்டார்கள். வயதில் மூத்தவர்கள், ஆண்கள், இரத்தக் கொதிப்புள்ளவர்கள், இடப்பக்கத்தில் வலி உள்ளவர்கள் என்று கணக்கு மாறியது. சிறிய தமனி வளையத்தை டெஃப்லான் பஞ்சு வைத்து எளிதில் ஒதுக்கிவிடலாம். விறைத்துப்போன பேசிலாருக்குப் பஞ்சு பணியாது; அதைப் பட்டை கட்டி இழுத்து எலும்பை மூடிய உறையோடு பிணைக்க வேண்டியிருக்கும். அதன் சுவரிலிருந்து மூளைத்தண்டுக்குள் போகும் மயிரிழைக் கிளைகள் இழுபடாமல் இதைச் செய்வது கடினம். வயதான நோயாளிக்கு இந்த அறுவையைவிட ஊசிச் சிகிச்சையோ கதிர்வீச்சோ மேல் என்று பல மருத்துவர்கள் முடிவெடுப்பதில் நியாயம் இருக்கிறது.

சிரைகளின் கதை வேறு. டேண்டியின் பெயரால் வழங்கும் மேல் பெட்ரோசல் சிரை நரம்பின் அருகிலேயே ஓடுவதால் அதன் கிளைகள் நரம்பை அழுத்துவது அரிதல்ல. அறுவையில் சிறு கிளைகளைச் சுட்டு மூடிவிடுவதும் வழக்கம். ஆபத்து, பார்வைக்கு அதைப்போலவே இருக்கும் இன்னொரு சிரையில் இருக்கிறது. கருவளர்ச்சியில் வழக்கமான சிரைகள் உருவாகாத இடத்தில், சுற்றியுள்ள நுண்சிரைகள் எல்லாம் ஒரே தடித்த குழாயில் வடியும் அமைப்பு சிலருக்கு அமைந்துவிடுகிறது. வளர்ச்சிநிலைச் சிரைத்திரிபு என்று இதைச் சொல்லலாம். மூளையில் வேறெங்கும் இது இருந்தால் தொந்தரவில்லை. ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும், அவ்வளவுதான். பான்ஸுக்குள் இருந்து, அதன் வடிகுழாய் முக்கிளை நரம்பின் வேரைத் துளைத்தோ ஒட்டியோ வெளியேறினால் நரம்புவலி வருகிறது. காடோலினியம் செலுத்திய படத்தில் பான்ஸுக்குள் பல மெல்லிய வெண்கோடுகள் குவிந்து ஒரு தடித்த கோட்டில் சேரும். கிரேக்கப் புராணத்து மெடூசாவின் தலை என்று கதிரியக்கவியலர்கள் இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள்.

அந்தக் கோடுகளைப் படத்தில் கவனிக்காமல், அறுவை மேசையில் கண்ணுக்குத் தெரியும் தடித்த சிரையை மட்டும் பார்த்த மருத்துவர் அதைச் சுட்டு மூடிவிட்டால், பான்ஸின் அந்தப் பகுதியிலிருந்து இரத்தம் வடிய வேறு வழியில்லை. அசுத்த இரத்தம் தேங்கி மூளைத்தண்டுத் திசு சாகும். வலிக்கு வந்தவர் உயிருக்குப் போராட நேரும். ஆகவே இந்தச் சிரையை நகர்த்தலாம், மூடக் கூடாது. நகர்த்தவும் இடமில்லாவிட்டால் மருந்து, ஊசி, கதிர்வீச்சு என்று வேறு வழிதான் பார்க்க வேண்டும். டி2 படம் மட்டும் எடுத்துச் சாய ஊசி போடாமல் விட்டால் இந்த எச்சரிக்கை தவறிப்போகலாம். செலவைக் குறைக்க எண்ணி அந்தப் படத்தை விட்டுவிடும் போக்கு இந்த ஒரு காரணத்துக்காகவேனும் கைவிடத்தக்கது.

தமனியும் சிரையும் நேரடியாகப் பிணைந்த பின்னல்களும், மூளை உறையில் உருவாகும் அத்தகைய குறுக்கிணைப்புகளும் மிக அரிதாக இதே வலியைத் தருகின்றன. தமனி இரத்தத்தின் அழுத்தம் தாங்கிப் புடைத்த சிரைகள் டி2 படத்தில் கரும்புழுக்களாகச் சுருண்டு கிடக்கும். குழாய்வழியாகப் பிசின் செலுத்தி இணைப்பை அடைத்ததும் வலி நின்ற நோயாளிகள் உண்டு.

கட்டிகளில் இங்கே முதலிடம் எபிடெர்மாய்டுக்கு. சிறுமூளையும் பான்ஸும் சந்திக்கும் மூலையில் வரும் கட்டிகளில் செவிநரம்புக் கட்டியும் மெனிஞ்சியோமாவும்தான் அதிகம், எபிடெர்மாய்டு மூன்றாவது. ஆனால் நரம்புவலியை முதல் அறிகுறியாகக் காட்டுவதில் அது முந்திக்கொள்கிறது, அதுவும் இளவயதினரிடம். கருவில் நரம்புக்குழல் மூடும்போது தோலாக வேண்டிய உயிரணுக்கள் சில உள்ளே சிக்கிக்கொள்கின்றன. அவை தோலைப்போலவே செதில்களை உதிர்க்கின்றன. உதிர்ந்தவை வெளியேற வழியின்றி ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காகச் சேர்கின்றன. அறுவையில் வெண்மையாக மின்னுவதால் 1829இல் பிரெஞ்சு மருத்துவர் குருவேயே இதை முத்துக்கட்டி என்றார். கெட்டியாக வளராமல், இருக்கும் இடுக்குகளுக்குள் எல்லாம் வழிந்து நுழைந்து நரம்புகளையும் தமனிகளையும் சூழ்ந்துகொள்வது இதன் குணம்.

எபிடெர்மாய்டைக் கண்ணில் படாமல் மறைப்பது அதன் நிறம். சாதாரண டி1, டி2 படங்களில் அது மூளைத் தண்டுவடத் திரவத்தைப்போலவே தெரியும். திரவம் நிறைந்த அரக்னாய்டு நீர்க்கட்டி என்று நினைத்துவிட்டுவிடலாம். நீர்மூலக்கூறுகளின் அசைவை அளக்கும் டிஃப்யூஷன் படம் எடுத்தால் குழப்பம் தீர்ந்துவிடும். நீர்க்கட்டி அதில் கறுத்துப்போகும். செதில் அடுக்குகளுக்கிடையே நீர் அசைய முடியாத எபிடெர்மாய்டு பளிச்சென்று ஒளிரும். கட்டியை அகற்றினால் பலருக்கு வலி போய்விடுகிறது. கட்டி தமனியை நரம்பின்மேல் தள்ளி வைத்திருக்கவும் கூடும். ஆகவே அகற்றிய பிறகு தமனியையும் பார்த்துவிடுவதே முறை. உள்ளிருக்கும் செதில்கள் சிந்தினால் கிருமியில்லாமலே மூளை உறை அழற்சி வரும்.

இதே மூலையில் அபூர்வமாகக் கொழுப்புக்கட்டி அமையும். டி1 படத்தில் வெண்மையாகத் தெரிந்து, கொழுப்பின் ஒளியை அணைத்த படத்தில் மறைந்துவிடுவது அதன் அடையாளம். நரம்பிழைகள் அதன் ஊடாகவே ஓடுவதால் முழுக்க அகற்றப் புகுவது நரம்பையே இழக்கச் செய்யும். இன்னொரு விநோதம், வலிக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் கட்டி. ஒருபக்கம் வளர்ந்த பெரிய கட்டி மூளைத்தண்டை மறுபக்கம் தள்ள, அங்குள்ள நரம்பு எலும்பின்மேலோ தமனியின்மேலோ அழுந்துகிறது. வலப்பக்க வலிக்கு இடப்பக்கக் கட்டியைக் காரணம் காட்டினால் நோயாளிக்கு நம்பிக்கை வராது. படத்தைக் காட்டித்தான் விளக்க வேண்டும்.

எலும்பும் காரணமாகலாம். மண்டையோட்டின் பின்குழி பிறவியிலேயே குறுகியிருந்தால் நரம்பும் தமனியும் புழங்கும் திரவ இடைவெளியும் குறுகிப்போகிறது. பேஜட் நோய், எளிதில் எலும்பு முறியும் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா போன்ற நோய்களில் எலும்பு மென்மையாகி, மண்டையோட்டின் அடித்தளம் கழுத்தெலும்பின்மேல் உள்வாங்குகிறது. நரம்பு செவி எலும்பின் விளிம்பில் இழுபட்டு மடங்குகிறது. ஹான்ஸ் கியாரி 1891இல் விவரித்த குறைபாட்டில் சிறுமூளையின் அடிமுனைகள் தண்டுவடத் துளை வழியாக 5 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருக்கும். இதற்கும் முகவலிக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். முகத்தின் வலியுணர்வைச் சுமக்கும் இழைகள் பான்ஸுக்குள் நுழைந்ததும் நின்றுவிடுவதில்லை. கீழ்நோக்கித் திரும்பி, கழுத்தின் மேற்பகுதிவரை தண்டுவடத்துக்குள் இறங்குகின்றன. இறங்கிய சிறுமூளை முனை அந்த இடத்தை நசுக்க முடியும். தண்டுவடத் துளையை விரிவாக்கும் அறுவைக்குப் பிறகு முகவலி நின்ற நோயாளிகளை மருத்துவ இதழ்கள் பதிவுசெய்திருக்கின்றன. கியாரி குறைபாடு இருந்தும் முகவலி இல்லாதவர்களே மிகப் பெரும்பான்மையினர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உட்செவித் துளைக்கு மேலே ஒரு சிறு எலும்புக் குமிழ் எல்லோருக்கும் உண்டு. சிலருக்கு அது துருத்தி வளர்ந்திருக்கும். அது நரம்பை அழுத்துவது அபூர்வம். ஆனால் அறுவை மருத்துவரின் பார்வையிலிருந்து நரம்பை மறைத்துவிடும். மெல்லிய வெட்டு சி.டி. படத்தில் முன்பே தெரிந்திருந்தால் துரப்பணக் கருவியோடு தயாராக இருப்பார்.

மெக்கல் குகையும் சிலருக்கு இயல்பாக அமைவதில்லை. மண்டைக்குள் திரவ அழுத்தம் நெடுநாள் கூடியிருந்தால் குகை உப்பி, செவி எலும்பின் நுனியை அரித்துப் பையாகப் பிதுங்குகிறது. டி2 படத்தில் வெண்ணிறப் பை; உள்ளே நரம்பிழைகள் ஓரமாக ஒதுங்கியிருக்கும். செவி எலும்பின் நுனியில் உருவாகும் கொலஸ்டிரால் கட்டி டி1, டி2 இரண்டிலும் வெளுத்திருக்கும். நரம்பின் உறையிலிருந்தே வளரும் ஷ்வனோமா பின்குழியிலும் குகையிலுமாக இருபுறம் பருத்து, குகையின் வாசலில் ஒடுங்கி நிற்கும். இவற்றில் மின்னல் வெட்டைவிட ஓயாத வலியும் மரமரப்பும் மிகுதி.

மரமரப்பு வந்தால் தேடல் முகத்தை நோக்கித் திரும்ப வேண்டும். வாய், உமிழ்நீர்ச் சுரப்பி, முகத்தோல் ஆகியவற்றின் புற்றுகளில் சில, குறிப்பாக அடினாய்டு சிஸ்டிக் வகை, நரம்பின் உறையைப் பிடித்துக்கொண்டு மண்டையோட்டுக்குள் ஏறிவரும். நீள்வட்டத் துளை அகன்றிருப்பது, மேல்தாடைக்குப் பின்னுள்ள குழியில் கொழுப்பின் வெண்மை மறைந்திருப்பது, மெல்லும் தசைகள் ஒருபக்கம் மட்டும் சூம்பியிருப்பது ஆகியவை படத்தில் அதன் தடங்கள். நரம்பின் வேரை மட்டும் எடுத்த ஸ்கேனில் இவற்றில் ஒன்றும் இருக்காது. புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்று ஆண்களிடம் முன்னணியில் நிற்கும் இந்தியாவில், தாடையில் மரமரப்போடு வலி என்று வருபவருக்கு வேர் முதல் தாடைவரை படமெடுக்காமல் இருப்பது பொறுப்பின்மை.

நீள்வட்டத் துளையின் வாசலிலும் ஒரு பிறவித் திரிபு காத்திருக்கிறது. அதன் அருகே ஆப்பெலும்பின் தகடுகளை இணைக்கும் தசைநார்கள் சிலருக்கு எலும்பாக இறுகித் துளையின் குறுக்கே கம்பியாக நிற்கின்றன. அவை கீழ்த்தாடை நரம்பின் கிளைகளை நெருக்கக்கூடும் என்று உடற்கூற்றியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தாலும் நரம்புவலிக்கு அதை நேரடிக் காரணமாகக் காட்டும் சான்று மெலிந்தது. ஊசிச் சிகிச்சைக்கு அது தடை என்பதில் மட்டும் ஐயமில்லை. ஊசி எத்தனை முறை முயன்றும் உள்ளே நுழையாததன் காரணம் சி.டி. படத்தில் எலும்புக் கம்பியாகத் தெரியும்.

முக்கிளை நரம்போடு சேராத சில அமைப்புகளும் அதன் வலியைப் போலவே வேடமிடுகின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த வாட் ஈகிள் 1937இல் விவரித்த நிலை அவற்றில் பெயர்பெற்றது. காதுக்கீழ் கூர்ந்து தொங்கும் ஸ்டைலாய்டு எலும்பு இயல்பாக மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கும். அது நீண்டோ, அதைத் தொடரும் தசைநார் எலும்பாகியோ தொண்டைவரை வந்துவிட்டால், விழுங்கும்போதும் தலையைத் திருப்பும்போதும் தொண்டையிலிருந்து காதுக்கு வலி பாய்கிறது. இது ஒன்பதாம் நரம்பின் பாதை. ஆனால் நோயாளி கைகாட்டுவது தாடையை. முப்பரிமாண சி.டி. படத்தில் எலும்பின் நீளம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நீண்ட எலும்பு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வலியே இல்லை என்பதால், டான்சில் குழியில் விரல்வைத்து அழுத்தினால் அதே வலி கிளம்புகிறதா என்று பார்த்துத்தான் அறுவை பற்றிப் பேச வேண்டும். கன்ன எலும்புக் காற்றறையின் கூரையில் ஓட வேண்டிய கீழ்க்கண்குழி நரம்பு சிலருக்கு அறையின் நடுவே எலும்புக் குழலாகத் தொங்கும். சைனஸ் அறுவையில் அது வெட்டுப்படும் ஆபத்து உண்டு. தானாக வலி தருவதாகச் சொல்லப் போதிய ஆதாரமில்லை.

எல்லாப் படங்களையும் எடுத்துப் பார்த்த பிறகும் கணிசமானோரிடம் எதுவும் கிடைப்பதில்லை. இவர்களில் இளவயதுப் பெண்கள் கூடுதல் என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழாய் அழுத்தம் இல்லாத நரம்பைத் திறந்து பார்ப்பதால் பயன் குறைவு. 1962இல் ஸ்வீடனைச் சேர்ந்த ப்ளோம் முதன்முதலில் பரிந்துரைத்த கார்பமசெபினே இன்றும் இவர்களுக்கு முதல் மருந்து. மருந்து கைவிட்டால் முடிச்சுக்கு ஊசி, வேர்ப்பகுதிக்குக் கதிர்வீச்சு, அல்லது நரம்பின் இழைகளை நீளவாக்கில் பிரித்துவிடும் அறுவை என்று முடிவெடுக்கலாம். இவை மூன்றும் ஓரளவு மரமரப்பை விலையாகக் கேட்பவை. வலியின் தன்மை மாறினாலோ, புதிதாக மரமரப்பு தோன்றினாலோ, முன்பு ஒன்றுமில்லை என்று வந்த படத்தை நம்பியிராமல் மறுபடி எடுத்துப் பார்ப்பது அவசியம்.